பொருளியல் சுதந்திரமும் வாழ்க்கைத் தரமும்: ஒரு திறனாய்வு

ஒரு நாட்டுக்கு அணிகலன்கள் எவை என்னும் வினாவுக்குத் திருவள்ளுவர் 'நாடு' என்னும் அதிகாரத்தில் விடை கூறுகிறார். நோயற்றிருத்தல், பொருள்வளம், நல்ல விளைச்சல், மகிழ்ச்சி, பாதுகாப்பு என ஐந்தினை அவர் எண்ணித் தருகிறார். இவ்வைந்தனுள் பொருள்வளம் ஒன்று. அஃது ஒன்று வந்துவிட்டால் ஏனைய நான்கும் தாமே வந்து சேரும் என அவர் கருதியிருப்பின், ஐந்தையும் தனித்தனியே எண்ணிக் காட்ட வேண்டிய தேவை எழுந்திராது.

நம் காலத்தில் செல்வாக்குப் பெற்றுள்ள பொருளியல் கொள்கை ஒன்று இதனினும் எளிமையானது. வாணிகத்தின் மீதும் முதலீட்டின் மீதும் உள்ள தளைகளை அரசு நீக்கட்டும். சுதந்திரம் செல்வத்தை ஈட்டித் தரும். செல்வம் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் என்பது அக்கொள்கை. சுதந்திரம், செல்வம், வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாம். முதற் கண்ணியைப் பற்றி இழுத்தால் மற்ற இரண்டும் உடன் வருமாம். இச்சங்கிலி எவ்வளவு உறுதியானது? எங்கே அது பிணைந்துள்ளது? எங்கே அறுந்து கிடக்கிறது? மலாயாவின் தோட்டப்புறத்தையும் சிங்கப்பூரின் துறைமுகத்தையும் தம் வரலாறாகக் கொண்ட தமிழர்க்கு இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. நம் முன்னோர் வாழ்வே இக்கொள்கைக்கு உரைகல்லாக அமைந்துள்ளது. அவ்வுரைகல்லில் இதனை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பென்சில் கதை

இக்கொள்கையைப் பொதுமக்கள் உளங்கொள்ளுமாறு எடுத்துரைத்தவர்களுள் தலையாயவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன். 1976இல் நோபல் பரிசு பெற்ற இவர், தம் துணைவியார் ரோஸ் ஃபிரீட்மனுடன் இணைந்து எழுதிய 'ஃப்ரீ டு சூஸ்' என்னும் நூல் 1980இல் வெளிவந்தது. 'தேர்ந்துகொள்ளும் சுதந்திரம்' எனத் தமிழில் அதனைச் சுட்டலாம். அதே பெயரில் பத்துப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரும் அவ்வாண்டில் ஒளிபரப்பாயிற்று.

அத்தொடரின் முதற்பகுதியில் ஃபிரீட்மன் ஒரு பென்சிலைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். லெனர்ட் ரீட் என்பார் 1958இல் எழுதிய கட்டுரையிலிருந்து பெறப்பட்ட உவமை அது. இந்தப் பென்சிலை உலகில் எந்தத் தனிமனிதராலும் தாமே செய்துவிட முடியாது என்கிறார் அவர். மரம் ஓரிடத்திலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் கரிக்கூர் மற்றோரிடத்திலிருந்து வந்தது. தலையில் பொருத்தியுள்ள இரப்பர்த் துண்டு மலாயாவிலிருந்து வந்திருக்கக்கூடும். ஒருவரையொருவர் அறியாத, ஒரே மொழி பேசாத, நேரில் கண்டால் பகைமை பாராட்டவும் கூடிய ஆயிரக்கணக்கான மனிதர்கள் இச்சிறு பொருளுக்காக ஒத்துழைத்திருக்கிறார்கள். எவரும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. விலை என்னும் சைகையே அவர்களை ஒன்றுசேர்த்தது என்பது ஃபிரீட்மனின் முடிவு.

அழகான விளக்கம், எளிதில் மறக்க இயலாத விளக்கமுங்கூட. ஆயினும், மலாயாவின் இரப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் சற்றே நின்று எண்ண வேண்டியவர்களாகிறோம். அந்தப் பாலை வெட்டியவர் யார்? எவருடைய ஆணையும் இன்றித்தான் அவர் இங்கே வந்து சேர்ந்தாரா? விலையின் சைகை மட்டுந்தானா அவரை விடியுமுன் பிரட்டுக்கு வரிசையில் நிறுத்தியது? இவ்வினாக்களுக்கு விடை காணுமுன், ஃபிரீட்மன் கூற்றில் பொதிந்துள்ள உண்மையை மதித்து ஏற்பது திறனாய்வின் முதற்கடமையாகும்.

கொள்கையின் வலிமை

விலை ஒரு செய்தி என்பது உண்மை. ஒரு பொருள் எங்கே மிகுந்துள்ளது, எங்கே குறைந்துள்ளது என்பதை எத்தனை அதிகாரிகள் கூடிக் கணக்கெடுத்தாலும் விலை அறிவிப்பதுபோல் விரைந்து அறிவிக்க இயலாது. உற்பத்தி அனைத்தையும் நடுவணரசே திட்டமிட்டு நடத்த முயன்ற சோவியத்து ஒன்றியம் 1991இல் கலைந்தது. 1978க்குப் பின் சீனாவும், 1986இல் தொடங்கிய 'தோய் மோய்' சீர்திருத்தங்களுக்குப் பின் வியட்நாமும் உழவர்க்கும் வணிகர்க்கும் வழிதிறந்துவிட்ட பின்னரே கோடிக்கணக்கான மக்களின் வறுமை தணிந்தது. இவற்றை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவராவார்.

சான்றுக்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதும் இல்லை. மலாயாவின் இரப்பர் வரலாற்றிலேயே அஃது உள்ளது. 1922 முதல் 1928 வரை நடைமுறையில் இருந்த ஸ்டீவன்சன் திட்டமும், 1934இல் ஏற்பட்ட அனைத்துலக இரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் விலை வீழ்ச்சியைத் தடுக்கும்பொருட்டு உற்பத்திக்கு வரம்பு விதித்தன. சிறு நிலத்தில் இரப்பர் பயிரிட்ட மலாய்க் குடியானவர்க்கு ஒதுக்கப்பட்ட பங்கு, பெருந்தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டதோடு ஒப்பிடுகையில் நியாயமற்ற முறையில் குறைந்திருந்தது. இதனைத் தக்க சான்றுகளுடன் வெளிப்படுத்தியவர் பி. டி. பௌவர். 1948இல் வெளிவந்த அவருடைய இரப்பர்த் தொழில் பற்றிய நூல், அரசின் கட்டுப்பாடு எவ்வாறு வலியவர்க்குத் துணையாகவும் எளியவர்க்குத் தடையாகவும் அமையக்கூடும் என்பதைக் காட்டிற்று. பௌவர் சந்தைப் பொருளியலின் சார்பாளர். எளியவரின் தொழில் முயற்சிக்குக் குறுக்கே நிற்கும் கட்டுப்பாடு கொடியது என்னும் அவர்தம் வாதத்தில் அறமும் உண்டு, அறிவும் உண்டு.

மற்றொன்றும் இங்கே நோக்கத்தக்கது. தடையற்ற வாணிகமே தங்கள் செழிப்புக்குக் காரணம் எனப் பெருமை பேசிய தோட்ட முதலாளிகள், விலை சரிந்தபோது அரசின் கட்டுப்பாட்டை நாடினார்கள். சுதந்திரம் என்னும் சொல் அவர்கள் வாயில் ஆதாயம் உள்ள காலத்துக்கு மட்டும் உரிய சொல்லாக இருந்தது.

இரப்பர் வந்த வழி

இனி, பென்சிலின் தலையில் உள்ள இரப்பரின் வரலாற்றைப் பார்ப்போம். இரப்பர் மரம் தென்னமெரிக்காவுக்கு உரியது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனின் கியூ அரசுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் பொறுப்பேற்ற எச். என். ரிட்லி, மரத்துக்கு ஊறு நேராமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். கியூ தோட்டமும் சிங்கப்பூர்ப் பூங்காவும் பொதுப்பணத்தில் இயங்கிய அரசு நிறுவனங்கள். ஆங்கில அரசின் துணையோடு மரம் வந்தது என்பதை ஃபிரீட்மனும் தம் உரையில் குறிப்பிடத் தவறவில்லை. ஆனால், மரம் வந்த கதையைக் கூறிய அவர் மனிதர் வந்த கதையைக் கூறாது விட்டுவிட்டார்.

மனிதர் வந்த கதை யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. 1910இல் ஒப்பந்தமுறை மலாயாவில் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே வளர்ந்து வந்த கங்காணி முறை அதன் இடத்தை நிரப்பிற்று. கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவான். 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் வரி பெற்று அவர்களுடைய கப்பல் செலவை ஏற்றது. ஊரில் முன்பணம் வாங்கி வந்தவர், தோட்டத்தில் கங்காணிக்குக் கடன்பட்டவராகவே நாளைத் தொடங்கினார்.

1910ஆம் ஆண்டை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். உலகச் சந்தையில் இரப்பர் விலை வியக்கத்தக்க உச்சத்தை எட்டிய ஆண்டு அது. இலண்டன் பங்குச் சந்தையில் தோட்டக் கம்பெனிகளின் பங்குகளுக்கு மக்கள் முண்டியடித்தனர். அதே காலத்தில் காடழித்து உண்டாக்கிய தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலால் மாண்ட தொழிலாளர் மிகப்பலர். இலண்டனில் இலாபப் பங்கு பெற்றவரும், பால்மரத்தடியில் காய்ச்சலோடு நின்றவரும் ஒரே சந்தையின் இரு முனைகளில் இருந்தவர்களே. செல்வம் பிறந்தது, ஐயமில்லை. அது பிறந்த இடத்தில் தங்கவில்லை.

கூலி எவ்வாறு முடிவாயிற்று? முதலாளியும் தொழிலாளியும் சரிநிகராக அமர்ந்து பேசி முடிவு செய்தது அன்று. 1920களின் இறுதியில் முக்கிய மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்ணுக்கு 40 காசும் எனக் கூலி வரையறுக்கப்பட்டது. உலகப் பெருமந்தம் வந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. வேலையற்றோர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் கூலியாட்களின் குடிபெயர்வைத் தடைசெய்தது.

தோட்டத்தில் லயத்து வீடு முதலாளிக்கு உரியது. மருந்துக்கூடம் முதலாளிக்கு உரியது. கள்ளுக்கடையும் தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தது. வேலையை விட்டவர் வீட்டையும் விடவேண்டும். பள்ளி இருந்ததா எனில், இருந்தது. பள்ளிப்பருவப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தோற்றம் இச்சட்டத்தோடு தொடர்புடையது என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆனால், அப்பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றது. அதற்குமேல் ஏறிச் செல்லப் படி இல்லை. பால்வெட்டியின் பிள்ளை மீண்டும் பால்வெட்டியாவதற்குப் போதுமான எழுத்தறிவே அங்கு வழங்கப்பட்டது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓருண்மை புலப்படும். முதலீடு தடையின்றி வந்தது, இலாபம் தடையின்றிச் சென்றது, துறைமுகங்கள் திறந்திருந்தன, வரி குறைவாயிருந்தது. முதலுடையோர் நோக்கில் அந்நாளைய மலாயா பொருளியல் சுதந்திரம் மிக்க நாடு. ஆயின், உழைத்தவருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மறுக்கப்பட்டிருந்தது. 'முடியாது' என்பதே அச்சொல். இந்தக் கூலிக்கு முடியாது, இந்த வீட்டில் முடியாது, என் பிள்ளைக்கு இந்தப் படிப்பு மட்டும் போதாது என்று கூறிவிட்டு வேறிடம் தேடிச் செல்லும் ஆற்றல் அவருக்கு இல்லை. தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் என்பதன் உயிர்நிலை, வேண்டாததை மறுக்கும் ஆற்றலே. அவ்வாற்றல் ஒருபுறம் நிறைந்தும் மறுபுறம் வறண்டும் இருக்குமாயின், அங்கே நிகழும் ஒப்பந்தத்தைச் சுதந்திர ஒப்பந்தம் எனல் எவ்வாறு பொருந்தும்?

இரு துறைமுகங்கள்

ஃபிரீட்மன் தம் கொள்கைக்கு முதன்மையான சான்றாக எடுத்துக்காட்டியது ஹாங்காங்கை. இயற்கை வளம் ஏதுமற்ற சிறு நிலப்பரப்பு, குறைந்த வரியாலும் தடையற்ற வாணிகத்தாலும் செழித்தது என்றார். அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1995இல் வெளியிடத் தொடங்கிய பொருளியல் சுதந்திரக் குறியீட்டில், 2019 வரை ஹாங்காங்கே முதலிடம் வகித்தது. 2020இல் அவ்விடம் சிங்கப்பூருக்கு வந்தது. 2021 முதல் ஹாங்காங் அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை.

இவ்விரு நகரங்களும் வளம் பெற்றதில் திறந்த வாணிகத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்கவியலாது. ஆனால், அவ்வளம் மக்களின் வாழ்வாக மாறியது எப்படி என்று வினவுவோமாயின், வேறொரு கதை வெளிப்படும்.

சிங்கப்பூர் 1819 முதலே சுங்க வரியற்ற துறைமுகம். எனினும், ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதன் மக்களுட் பெருந்தொகையினர் காற்றும் ஒளியும் புகாத கடைவீட்டு அறைகளிலும் அத்தாப்புக் குடிசைகளிலும் நெருங்கி வாழ்ந்தனர். 1947இல் வீட்டுவசதிக் குழு அளித்த அறிக்கை அந்நிலையை எடுத்துக்காட்டிற்று. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 32 ஆண்டுகளில் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1961இல் புக்கிட் ஹோ சுவீ தீவிபத்தில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அக்கழகம் முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி எழுப்பியது. 1966இல் இயற்றப்பட்ட நில எடுப்புச் சட்டம், பொதுநலனுக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் பேரதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு அவ்வீடுகளை வாங்க வழிசெய்யப்பட்டது. இன்று அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். நிலத்தின் பெரும்பகுதி அரசுக்கு உரியது.

துறைமுகம் முன்னும் திறந்திருந்தது, பின்னும் திறந்திருந்தது. மாறியது வீடு, மாறியது பள்ளி, மாறியது மருத்துவமனை. ஆகவே, சுதந்திர வாணிகம் செல்வத்தைக் கொணர்ந்தது என்னும் கூற்றுக்குச் சிங்கப்பூர் சான்றாகலாம். அச்செல்வம் தானே வாழ்வாக மாறிற்று என்னும் கூற்றுக்கு அது சான்றாகாது.

ஹாங்காங்கும் இதற்கு விலக்கன்று. 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று செக் கிப் மெய் குடிசைப் பகுதியில் பற்றிய தீ 50,000க்கும் மேற்பட்டோரின் இருப்பிடத்தை அழித்தது. அதன் பின்னரே அரசு வீடமைப்பு அங்கே தொடங்கிற்று. பின்னர் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அரசு கட்டிய அல்லது அரசு மானியம் பெற்ற வீடுகளில் வாழ்வோராயினர். ஓர் ஆங்கிலிக்கன் பேராலயம் நிற்கும் மனை நீங்கலாக நிலம் முழுவதும் அரசின் குத்தகைக்கு உட்பட்டது. இருந்தும், கூறுபோட்ட சிற்றறைகளில் ஒண்டி வாழ்வோர் தொகை 2 இலட்சத்துக்கும் மேற்பட்டது எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கால் நூற்றாண்டுக் காலம் முதலிடம் வகித்த நகரத்தின் நிலை இது.

அவ்வாறாயின் அக்குறியீடு எதனை அளக்கிறது? சொத்துரிமை, வரிச்சுமை, அரசுச் செலவு, வாணிகம், முதலீடு முதலியவற்றை அளக்கிறது. தொழிலாளர் சுதந்திரம் என்றோர் உறுப்பும் அதில் உண்டு. பெயரைக் கேட்டதும் தொழிலாளர் பெறும் சுதந்திரம் என்று நாம் கருதுவோம். ஆனால், நெடுங்காலமாக அவ்வுறுப்பில் குறைந்தபட்ச ஊதியமும் வேலைநீக்கக் கட்டுப்பாடுகளும் மதிப்பெண்ணைக் குறைப்பனவாகவே கணக்கிடப்பட்டு வந்தன. வேலைக்கு அமர்த்துவோரின் சுதந்திரத்துக்குத் தொழிலாளரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பெயர்ச்சொல்லின் பொருளை ஆராயும் பழக்கம் மொழி மாணவர்க்கு உரியது. அப்பழக்கத்தைப் பொருளியல் அட்டவணைகளிலும் அவர்கள் கைவிடலாகாது.

சென்னும் ஒரு குறையும்

ஃபிரீட்மனின் நூலை மட்டும் படித்து நிறுத்துவோர், 1999இல் வெளிவந்த அமர்த்தியா சென்னின் 'டெவலப்மென்ட் ஆஸ் ஃப்ரீடம்' என்னும் நூலையும் அதனருகே வைத்துப் படித்தல் வேண்டும். 'சுதந்திரமே வளர்ச்சி' என்று அதன் கருத்தைச் சுருக்கிக் கூறலாம். சென் சந்தையின் பகைவர் அல்லர். பொருளையும் உழைப்பையும் பரிமாறிக்கொள்ளும் உரிமை மனிதனின் அடிப்படைச் சுதந்திரங்களுள் ஒன்று என்பதும், கொத்தடிமை முறை அதனை மறுப்பது என்பதும் அவர் கருத்து. ஆனால், அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஒருவர் தாம் மதிக்கும் வாழ்வை வாழ்வதற்கு உண்மையில் எவ்வளவு ஆற்றல் பெற்றிருக்கிறார் என்பதே வளர்ச்சியின் அளவுகோல் என்கிறார். கல்வியும் நோயற்ற உடலும் பொருள் ஈட்டிய பின் வாங்கிக்கொள்ளும் பண்டங்கள் அல்ல. சுதந்திரத்தின் உறுப்புகளே அவை.

இதற்கு அவர் தரும் சான்றுகள் வலுவானவை. கேரளமும் இலங்கையும் வருமானத்தில் பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளினும் மிகவும் பின்தங்கியிருந்தும், அங்குள்ளோர் அந்நாட்டினரைவிட நீண்ட ஆயுள் பெற்றிருந்தனர். பெண்கல்வியும் பொதுமருத்துவமும் அவ்வேறுபாட்டை உண்டாக்கின. 1990இல் மாபூப் உல் ஹக் முன்னின்று ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் வாயிலாக வெளியிட்ட மனிதவள மேம்பாட்டுக் குறியீடு இச்சிந்தனையோடு ஒட்டியது. வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் அது சேர்த்து எண்ணுகிறது. செல்வத்தை ஐந்தில் ஒன்றாக வைத்த வள்ளுவர் நெறிக்கு இஃது அண்மையது எனலாம்.

எனினும், சென்னின் நூலிலும் ஒரு குறை உண்டு. அவர் பேசும் ஆற்றல் பெரிதும் தனிமனிதரின் ஆற்றல். அவ்வாற்றலை எளியவர்கள் எவ்வழியில் பெறுகிறார்கள் என்பதில் அவர் போதிய அளவு தங்கவில்லை. தனித்து நின்ற தொழிலாளி 'முடியாது' என்று கூறினால் வேலையை இழப்பான். ஆயிரவர் சேர்ந்து கூறும்போதுதான் அச்சொல்லுக்கு வலிமை பிறக்கிறது. மலாயாத் தோட்டத் தொழிலாளர் கற்ற பாடம் இதுவே.

1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினர். சொத்துரிமையின் நோக்கில் அது முற்றிலும் முறையான செயல். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அதில் முழுச் சுதந்திரம் இருந்தது. அங்கே இரண்டு தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு மட்டும் அவ்வாணிகத்தில் பேச்சுரிமை இல்லை. தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் கோயிலும் பள்ளியும் ஒருசேரப் பறிபோகும் நிலை வந்தது. அப்போது, 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத்தொகையைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கிற்று. பால்வெட்டியவர்கள் தோட்டத்தின் பங்குடையவர்களானார்கள்.

இதனை எந்தப் பெயரால் அழைப்பது? அவர்கள் சந்தையிலேதான் வாங்கினார்கள், சொத்துரிமையைத்தான் பெற்றார்கள். ஃபிரீட்மன் போற்றும் சுதந்திரம் அதுவே. ஆனால், கூட்டுறவு என்னும் கருவியின்றி அச்சுதந்திரம் அவர்கள் வாசலுக்கு வந்திராது. சென் போற்றும் ஆற்றலும் அதுவே. ஆனால், அவ்வாற்றலைத் தனித்தனியே எவரும் பெற்றிருக்க முடியாது. இரு நூல்களும் சொல்லாமல் விட்ட பக்கத்தை நம் தோட்டத் தொழிலாளர் எழுதினர்.

அச்சங்கம் எல்லாரையும் காத்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். பிற்காலத்தில் இரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. மலேசியாவில் நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டாக இருந்த அது, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. நாடு செல்வம் ஈட்டிய காலமும், அச்செல்வத்தின் அடித்தட்டு வரையறுக்கப்பட்ட காலமும் ஒன்றாக இல்லை.

2020 உணர்த்திய பாடம்

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவார்க்கு 2020ஆம் ஆண்டை நினைவூட்டுவது தகும். சிங்கப்பூர் பொருளியல் சுதந்திரக் குறியீட்டில் முதலிடத்துக்கு வந்த அதே ஆண்டில், அங்கு வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் கொரோனாத் தொற்று பரவியது. அவ்விடுதிகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த இளைஞரும் பலர். அவ்வாண்டு முடிவதற்குள் 50,000க்கும் மேற்பட்டோர்க்குத் தொற்று உறுதியாயிற்று. நாட்டின் பிற மக்கள் வீடுகளில் காப்பாக இருந்தபோது, ஓர் அறையில் பலராக நெருங்கித் தங்கியவர்க்கு விலகி இருக்கும் வாய்ப்பு இல்லை.

அரசு அவர்களுக்கு இலவச மருத்துவம் அளித்தது. உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. விடுதிகளின் தரத்தை உயர்த்தப் புதிய விதிகளும் வந்தன. இவற்றை நேர்மையோடு ஏற்க வேண்டும். எனினும், முகவர்க்குக் கடன்பட்டு வந்து, ஒரு முதலாளியின் பெயரில் வழங்கப்பட்ட பணி அனுமதியோடு கட்டுண்டு வாழ்பவர், 'இந்த அறையில் முடியாது' என்று கூறும் நிலையில் உள்ளாரா என்ற வினா எஞ்சி நிற்கிறது. கங்காணியின் முன்பணம் முகவரின் கடனாக வடிவம் மாறியுள்ளது. அவருடைய வருவாய் ஊரில் வீடாகவும் தங்கையின் திருமணமாகவும் தம்பியின் படிப்பாகவும் மலர்கிறது என்பதும் உண்மையே. அதன்பொருட்டே அவர் வருகிறார். ஊரில் ஒரு குடும்பம் பெறும் வளத்தையும் இங்கே ஒருவர் இழக்கும் உரிமையையும் ஒருசேரக் காண மறுக்கும் எந்த அளவுகோலும் குறையுடையதே.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். பொருளியல் சுதந்திரம் செல்வத்தைப் பெருக்கும் ஆற்றலுடையது. அச்செல்வம் வாழ்க்கைத் தரமாக மாறுவது தானே நிகழ்வதன்று. பள்ளி, மருத்துவம், வீடு, சங்கம், சட்டம் ஆகியவை இடைநின்று அதனை மாற்றித் தருகின்றன. இவை சுதந்திரத்துக்குப் பகை என்று எண்ணுவது பிழை. முதலில்லாதவர்க்குச் சுதந்திரத்தைக் கொண்டுசேர்க்கும் வாயில்கள் இவையே. ஒரு நாட்டின் பொருளியல் சுதந்திரத்தை அளக்க விரும்புவோர், அங்குள்ள செல்வர் எவ்வளவு எளிதாகத் தொழில் தொடங்குகிறார் என்பதோடு, அங்குள்ள எளியவர் எவ்வளவு அச்சமின்றி 'முடியாது' என்று கூறுகிறார் என்பதையும் அளக்க வேண்டும்.

ஆசிரியர்கள் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வெளிவரும் தரவரிசைப் பட்டியல்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எந்நாடு முதலிடம் என்று மனப்பாடம் செய்விப்பதற்காக அன்று. மூன்று வினாக்களை எழுப்புவதற்காக. இப்பட்டியல் யாருடைய சுதந்திரத்தை எண்ணுகிறது? இதில் எண்ணப்படாதவர் யார்? எண்ணப்படாதவரின் பிள்ளை எந்த வகுப்பு வரை படிக்க முடிகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் பொருளியலோடு தன் பாட்டன் பாட்டியின் வரலாற்றையும் சேர்த்தே கற்பான்.

அம்மாணவனின் மேசை மீதும் ஒரு பென்சில் இருக்கும். அதன் உவமையை ஃபிரீட்மன் பாதி கூறினார். மறுபாதியைக் கூறும் கடமை, அந்த இரப்பரை வெட்டியவர்களின் மரபில் வந்த நமக்கு உரியது.